பெல்கிரேடில் ஒரு வாரப் பத்திரிகையைத் தேடி

செவ்வாய்

விமான நிலையத்திலிருந்து 72-ஆம் எண் பேருந்து ஸெலெனி வேனாட்ஸ் சந்தைக்குப் பக்கத்தில் இறக்கிவிட்டது. 2025 தொடக்கத்திலிருந்து பெல்கிரேடில் நகரப் பேருந்துக்கும் டிராமுக்கும் கட்டணம் கிடையாது, ஏறி உட்கார வேண்டியதுதான். சந்தை வாசலில் சிவப்புக் குடைமிளகாய் மூட்டை மூட்டையாக அடுக்கியிருக்கிறது. இலையுதிர் காலம் வந்தால் இங்கே வீட்டுக்கு வீடு இதைச் சுட்டு, தோலுரித்து, அரைத்து, எண்ணெயில் கிண்டி அய்வார் செய்து குளிர்காலத்துக்குப் புட்டியில் அடைத்து வைக்கிறார்கள். நான் தங்கியிருக்கும் தெருவிலும் யாரோ ஒரு வீட்டுப் பால்கனியில் மிளகாய் சுடுகிறார்கள்.

செர்பியாவின் தலைநகரான இந்த ஊருக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சாவா நதி தன்யூபில் கலக்கும் இடத்தையும், அதன் மேலே நிற்கும் கலேமெக்தான் கோட்டையையும் பார்க்க வருவார்கள். நான் வந்தது 'வ்ரேமே' என்ற வாரப் பத்திரிகைக்காக. 1990 அக்டோபர் 29-ஆம் தேதி முதல் இதழ் வந்தது, இன்றும் வாராவாரம் வருகிறது. 90-களில் நான் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையில் உதவி ஆசிரியராக இருந்தேன். யுகோஸ்லாவியா உடைந்தபோது நடந்த பொஸ்னியப் போரின் செய்தி ஏஜென்சி வழியாக வரும். 'நூற்றாண்டுப் பகை', 'இனச் சண்டை' என்று நாலு வரி போட்டு முடிப்போம். அந்தச் சமயத்தில் ஒரு நூலகத்தில் 'வ்ரேமே'யின் ஆங்கிலச் சுருக்கத் தாள்கள் கையில் கிடைத்தன. எந்தப் படை எந்தச் சாலையில் நகர்கிறது, எரிபொருள் யார் கொடுத்தது, எந்தக் கட்சிக்காரர் எந்தக் கடத்தலில் எவ்வளவு பார்த்தார் என்று ஊரும் பேரும் சொல்லி எழுதியிருந்தார்கள். எழுதியவர்களோ போரை நடத்தியவர்களின் தலைநகரிலேயே உட்கார்ந்திருந்தவர்கள். அது அப்போதிலிருந்து மனதில் நிற்கிறது.

நாளை முதல் சுற்றவேண்டும். இன்று தூக்கம்தான்.

புதன்

காலையில் மகெதோன்ஸ்கா தெரு. 29-ஆம் எண்ணில் 'பொலிடிகா' மாளிகை, நகர நடுவில் நெட்டையாக நிற்கும் கட்டடம். 'பொலிடிகா' நாளிதழ் 1904-இல் தொடங்கியது. இன்றும் சிரிலிக் எழுத்தில்தான் அச்சாகிறது. 'வ்ரேமே'யின் கதையை இங்கிருந்து தொடங்கினால்தான் புரியும். ஏனென்றால் அதைத் தொடங்கியவர்களில் பலர் இந்த மாதிரி பெரிய பத்திரிகை நிறுவனங்களிலிருந்து வெளியேறியவர்கள்.

கூட வந்தவர் ஓய்வுபெற்ற ஆங்கில ஆசிரியை. நண்பரின் நண்பர், பெயர் வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் டீச்சர் என்றே எழுதுகிறேன். "இந்த வாசல் வழியாக உள்ளே போவது ஒரு காலத்தில் பெரிய மரியாதை. என் அப்பா 'பொலிடிகா'வில் வராத மரணச் செய்தியை நம்பமாட்டார்" என்றார்.

'வ்ரேமே'வுக்கு முன்னால் செர்பியாவில் வாரப் பத்திரிகை என்றால் 'நின்'. 1935-இல் முதலில் வந்து, அரசு விடாததால் அதே ஆண்டில் நின்றுபோனது. 1951 ஜனவரியில், கம்யூனிஸ்ட் தலைவர் டிட்டோவின் யுகோஸ்லாவியாவில் மறுபடி உயிர்பெற்றது. ஒரு கட்சி ஆட்சிதான், ஆனாலும் எல்லையை உரசிப் பார்த்து எழுதும் பழக்கம் அதற்கு இருந்தது. அதன் ஆசிரியராக இருந்தவர் ஃபிரானே பார்பியேரி. 1972-இல் செர்பியக் கட்சியிலிருந்த தாராளவாதிகளை டிட்டோ களையெடுத்தபோது அந்தக் காற்று பத்திரிகைகளிலும் அடித்தது. பார்பியேரி பிறகு இத்தாலிக்குப் போய் எழுதினார். ஐரோப்பா முழுக்க அரசியல் பேசுபவர்கள் பயன்படுத்திய 'யூரோகம்யூனிசம்' (மாஸ்கோவைப் பின்பற்றாமல் மேற்கு ஐரோப்பியக் கம்யூனிஸ்டுகள் தேடிய தனிவழி) என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அப்படிப்பட்ட ஆட்கள் உட்கார்ந்து வேலை பார்த்த பத்திரிகை அது.

1987 செப்டம்பரில் செர்பியக் கம்யூனிஸ்ட் கட்சியின் எட்டாவது அமர்வு. பின்னால் போர்க்காலத்தில் செர்பியாவை ஆண்ட ஸ்லோபோதான் மிலோஷெவிச், தன்னை வளர்த்துவிட்ட இவான் ஸ்தாம்போலிச்சையே ஓரங்கட்டினார். அதற்கு முன்பே அவர் பிடித்து வைத்திருந்தது தொலைக்காட்சியையும் இந்தப் 'பொலிடிகா' நிறுவனத்தையும். 'பொலிடிகா'வின் வாசகர் கடிதப் பகுதி வெறுப்பைக் கொட்டும் இடமாக மாறியது. டீச்சர் அதை நினைவு வைத்திருக்கிறார்: "கடிதங்களைப் படித்தால், என் பக்கத்து வீட்டுக்காரர்களே எழுதுவதுபோல் இருக்கும். அவ்வளவு நன்றாக எழுதியிருப்பார்கள்." கடிதத்தில் பாதி உண்மையான வாசகர்கள் எழுதியதில்லை என்ற பேச்சு அப்போதே இருந்ததாம்.

இதைச் சகிக்க முடியாதவர்கள் என்ன செய்வது? சொந்தமாக ஒன்று தொடங்குவது என்று முடிவெடுத்தார்கள். பணம்? அங்கேதான் ஸ்ர்ஜா பொபோவிச் வருகிறார். (அதே பெயரில் பின்னால் வந்த மாணவர் இயக்கத் தலைவர் வேறு.) இவர் வழக்கறிஞர், டிட்டோ காலத்தில் அரசுக்கு எதிராகப் பேசி மாட்டிக்கொண்டவர்களுக்காக நீதிமன்றத்தில் நின்றவர். தன்னை வக்கீலாக வைத்துக்கொண்டவருக்காக வாதாடியதையே குற்றமாக்கி 1976-இல் அவர்மேலேயே வழக்குப் போட்டுத் தண்டித்தார்கள். 'வ்ரேமே'யின் தொடக்கப் பணத்தை ஏற்பாடு செய்தவர் அவர்தான். பத்திரிகை முதலாளி என்றால் நமக்கு ஒரு முகம் மனதில் வரும். ஒரு மனித உரிமை வக்கீல் சம்பாதித்த பணத்தை இப்படி ஒரு வேலைக்குக் கொடுத்தார் என்பதை நான் திரும்பத் திரும்ப நினைத்துப் பார்க்கிறேன். போர் தொடங்கியதும் மிரட்டல் தாங்காமல் அமெரிக்கா போனார், மிலோஷெவிச் விழுந்த பிறகு திரும்பினார், 2013-இல் காலமானார்.

மாளிகைக்கு வெளியே ஒரு படம் எடுத்துக்கொண்டேன். டீச்சர் உள்ளே எட்டிப் பார்க்கக்கூட விரும்பவில்லை.

வியாழன்

இன்றுதான் வாரப் பத்திரிகைகள் கடைக்கு வரும் நாள். காலையிலேயே தெராஸியே பக்கம் ஒரு தெருக் கடையில் போய் நின்றேன். சிகரெட், சூயிங்கம், மொபைல் ரீசார்ஜ், அப்புறம் கண்ணாடி முழுக்கப் பத்திரிகைகள். கண் மட்டத்தில் மாட்டியிருப்பதெல்லாம் டேப்லாய்டு நாளிதழ்கள். உள்ளங்கை அகல எழுத்தில் தலைப்பு, துரோகி யார், கூலிக்கு மாரடிப்பவர் யார் என்று தினம் ஒரு பட்டியல். வாரப் பத்திரிகைகள் பக்கவாட்டில் கீழே, குறுக்கெழுத்துப் புத்தகங்களுக்கு அடுத்து. கடைக்கார அம்மா நான் கேட்டதும் குனிந்து மூன்றையும் எடுத்துக் கொடுத்தார்: 'வ்ரேமே', 'நின்', 'ரதார்'.

மூன்றாவது பெயர் புதுசு. அதன் கதை 1990-ஐ மறுபடி சொல்வதுபோல் இருக்கிறது. 'நின்' 2009-இல் சுவிஸ் நிறுவனமான ரிங்கியர் கைக்குப் போனது. 2023-இல் அந்த நிறுவனத்தின் செர்பியக் கிளைக்குத் தலைமை வகித்த யெலேனா த்ரகுலிச் பெத்ரோவிச் அதை வாங்கினார். பல ஆண்டுகள் ஆசிரியராக இருந்த மிலான் சுலிப்ர்க்கும் அவர் குழுவும் வெளியேறி, 2024-இன் தொடக்கத்தில் 'ரதார்' தொடங்கினார்கள். பேர், பழைய இதழ்களின் தொகுப்பு, புகழ்பெற்ற நாவல் பரிசு எல்லாம் 'நின்'னிலேயே தங்கின. எழுதுகிறவர்கள் மட்டும் போய்விட்டார்கள்.

ஒரு பத்திரிகையின் நற்பெயர் எங்கே இருக்கிறது? நான் தலைப்பு எழுத்தில் இல்லை என்ற கட்சி. அது ஆசிரியர் குழுவின் மேசையில் இருக்கிறது. வாசகனும் அதைத்தான் பின்தொடர்கிறான், கொஞ்சம் தாமதமாக. டீச்சர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. "அறுபது வருஷம் ஒரே பேரைப் பார்த்தே வாங்கியவர்கள் இருக்கிறார்கள். உள்ளே யார் எழுதுகிறார்கள் என்று அவர்கள் பார்ப்பதில்லை" என்கிறார். ஞாயிற்றுக்கிழமை அவருடைய அண்ணனைச் சந்திக்கும்போது இதைப் பேசலாம் என்று நிறுத்திவைத்தோம்.

கடையில் நின்றிருந்தபோதே மணி 11.52 ஆனது. டீச்சர் கைக்கடிகாரத்தைக் காட்டினார். 2024 நவம்பர் 1-ஆம் தேதி, நோவி சாத் நகர ரயில் நிலையத்தின் கான்கிரீட் கூரை இடிந்து விழுந்த நேரம் அது. புதுப்பித்துத் திறந்து சில மாதங்களே ஆகியிருந்த நிலையம். 16 பேர் இறந்தார்கள். மாணவர்கள் சாலைச் சந்திப்புகளில் அந்த நேரத்துக்கு வந்து, இறந்தவருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கு வைத்து, வாய் பேசாமல் நின்றார்கள். அந்தப் போராட்டம் நாடு முழுக்கப் பரவியது. சிவப்புக் கை அச்சு அதன் அடையாளம். இன்றும் பல சுவர்களில் பார்க்கிறேன். ஒப்பந்தம் யாருக்குப் போனது, யார் கையெழுத்துப் போட்டார்கள், எந்தக் காகிதம் காணோம் என்று பக்கம் பக்கமாக எழுதுகிற வேலையை எடுத்துக்கொண்டவை இந்த வாரப் பத்திரிகைகள். நாளிதழ் கூச்சல் அடங்கிய பிறகு வியாழக்கிழமை உட்கார்ந்து படிக்க ஒன்று வேண்டும் இல்லையா, அந்த வேலை.

மதியம் சாவமாலா போனோம். சாவா ஆற்றங்கரைப் பகுதி. இப்போது 'பெல்கிரேட் வாட்டர்ஃப்ரன்ட்' என்ற பெயரில் கண்ணாடிக் கட்டடங்கள், பெரிய மால், 168 மீட்டர் உயரக் கோபுரம். துபாயைப் பார்த்தவர்களுக்குப் பழகிய காட்சி. முதலீடும் அமீரகத்திலிருந்துதான் வந்தது. நான் பார்க்க வந்தது ஹெர்செகோவாச்கா தெருவை. 2016 ஏப்ரல் 24-25 இரவில், தேர்தல் முடிந்த அன்றே, முகமூடி போட்ட ஆட்கள் மண்வெட்டி இயந்திரங்களோடு வந்து இங்கிருந்த கட்டடங்களை இடித்துத் தள்ளினார்கள். காவலாளியைக் கட்டிப் போட்டார்கள், அந்த வழியாக வந்தவர்களைத் தடுத்துவைத்தார்கள். போலீசுக்குப் போன் பண்ணினால் போலீஸ் வரவில்லை. இதற்கு எதிராக ஆயிரக்கணக்கானோர் தெருவில் இறங்கினார்கள். ஒரு பெரிய மஞ்சள் வாத்துப் பொம்மையைத் தூக்கிக்கொண்டு ஊர்வலம் போனார்கள்.

'நின்' அப்போது ஓர் அட்டைப்படக் கட்டுரை போட்டது. போலீஸ் யார் பொறுப்பில் இருக்கிறதோ அவர் பதில் சொல்லவேண்டும் என்ற பொருளில், உள்துறை அமைச்சர் நெபோய்ஷா ஸ்தெஃபானோவிச்சை 'சாவமாலாவின் தலைமைப் பேய்' என்று எழுதியது. அமைச்சர் தன் மானம் போனதாக வழக்குப் போட்டார். 2017 ஜனவரியில் கீழ் நீதிமன்றம் 3 லட்சம் தினார் இழப்பீடு கொடு என்றது. மேல்முறையீட்டில் அந்தத் தீர்ப்பு அடிபட்டது. அந்த வழக்கில் நின்ற ஆசிரியர் யார் தெரியுமா? இன்று 'ரதார்' நடத்துகிற அதே சுலிப்ர்க். என் கட்சிக்கு இது ஒரு சாட்சி என்று டீச்சரிடம் சொன்னேன். "அன்று வழக்கில் ஜெயித்தது 'நின்' என்ற பேர்தானே" என்றார் அவர். சரி, விடுவதாக இல்லை.

வெள்ளி

முழு நாளும் தேசிய நூலகத்தில். வ்ராச்சார் மேட்டில், புனித சாவா தேவாலயத்துக்குப் பக்கத்தில். பழைய நூலகம் வேறு இடத்தில் இருந்தது; 1941 ஏப்ரல் 6-இல் ஜெர்மன் விமானங்கள் குண்டு போட்டு, பல நூற்றாண்டுக் கையெழுத்துச் சுவடிகளோடு எரிந்துபோனது. இந்தப் புதுக் கட்டடத்தை 1973-இல் அதே ஏப்ரல் 6-ஆம் தேதி திறந்தார்கள்.

பாஸ்போர்ட்டைக் காட்டித் தற்காலிக அட்டை வாங்கிக்கொண்டு, 'வ்ரேமே'யின் 90-களின் தொகுதிகளைக் கேட்டேன். டீச்சர் பக்கத்தில் உட்கார்ந்து மொழிபெயர்த்தார். மட்டமான காகிதம், விளிம்பெல்லாம் பழுத்துவிட்டது, பக்கத்தைத் திருப்பினால் விரலில் தூள் ஒட்டுகிறது. படங்கள் குறைவு, எழுத்து நிறைய. இரண்டு பத்தி படித்ததுமே இது ஆசிரியர் குழு உட்கார்ந்து வரி வரியாகச் சரிபார்த்த பத்திரிகை என்று தொழில் தெரிந்தவனுக்குப் புலப்பட்டுவிடும்.

1993 தொகுதியில் எனக்குக் கண்ணை எடுக்க முடியாத ஒன்று இருந்தது: விலை. இதழுக்கு இதழ் சுழியங்கள் கூடிக்கொண்டே போகின்றன. ஐ.நா. 1992 மே மாதம் பொருளாதாரத் தடை போட்டது. அரசு பணத்தை அச்சடித்துத் தள்ளியது. 1993 டிசம்பரில் 500 பில்லியன் தினார் நோட்டு வந்தது, ஒரு கவிஞரின் படம் போட்டு. 1994 ஜனவரியில் ஒரே மாதப் பணவீக்கம் 31 கோடி சதவீதத்தைத் தாண்டியது. அதே மாதம் பொருளாதார அறிஞர் த்ராகோஸ்லாவ் அவ்ராமோவிச் புது தினாரைக் கொண்டுவந்து நிறுத்தினார். டீச்சர் அந்தக் குளிர்காலத்தைச் சொன்னார்: சம்பளம் வந்ததும் ஓடிப்போய் ஜெர்மன் மார்க் வாங்குவார்களாம், மாலைக்குள் மாற்றாவிட்டால் அந்தச் சம்பளத்துக்கு ரொட்டி கூடக் கிடைக்காது. "அப்போதும் எங்கள் பள்ளியில் நாலு பேர் சேர்ந்து ஒரு 'வ்ரேமே' வாங்குவோம். கடைசியில் என்னிடம் வரும்போது அட்டை இருக்காது."

அந்தக் காலத்தில் ஒரு வாரப் பத்திரிகை எப்படி நடந்தது என்று யோசித்துப் பாருங்கள். இன்று வாங்கிய காகிதத்துக்கு நாளை என்ன விலை என்று தெரியாது. விற்ற பணம் திரும்பி வரும்போது அதற்கு மதிப்பு இல்லை. வெளிநாட்டு அறக்கட்டளைகளின் உதவி இல்லாமல் தாக்குப்பிடித்திருக்க முடியாது. அந்த உதவியையே காட்டி 'கூலிகள்' என்று அரசுத் தரப்பு ஏசியது. அந்த வசைக்கு அவர்கள் சொன்ன பதில், அடுத்த வாரமும் இதழைக் கொண்டுவந்ததுதான்.

எழுதியவர்களில் என்னை அன்றே இழுத்தவர் மிலோஷ் வாசிச். இராணுவ விஷயங்களை எழுதுபவர். பீரங்கி பெயர் தெரியாத வாசகனுக்கும் புரியும்படி எழுதுவார். அமெரிக்கர்களுக்கு யுகோஸ்லாவியாவில் என்ன நடந்தது என்று விளக்க அவர் சொன்னது இன்றும் மேற்கோளாக ஓடுகிறது: உங்கள் நாட்டின் எல்லாத் தொலைக்காட்சி நிலையங்களும் ஒரே குரலில், டேவிட் டியூக் சொல்லிக்கொடுத்தபடி பேசினால், ஐந்தே வருஷத்தில் உங்களுக்கும் போர் வரும் என்று. (டியூக், கூ க்ளக்ஸ் கிளான் கும்பலின் தலைவராக இருந்தவர்.) நூற்றாண்டுப் பகை என்று எழுதிக்கொண்டிருந்த எங்களைப் போன்ற மேசைகளுக்கு இதைவிட நேரான பதில் கிடையாது. வாசிச் 2021-இல் இறந்தார்.

ஸ்தொயான் செரோவிச் வேறு வகை. அரசியல் பத்தி எழுதுபவர், நிதானமான குரல். 1991-இலேயே போருக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவர். டீச்சர் அவர் பத்தி ஒன்றை மொழிபெயர்க்கத் தொடங்கி, பாதியில் மௌனமாகத் தானே படித்து முடித்துவிட்டார். நானும் தொந்தரவு செய்யவில்லை. செரோவிச் 2005-இல் காலமானார். நீண்டகாலம் தலைமை ஆசிரியராக இருந்த த்ராகொல்யுப் ஷார்கோவிச் 2020-இல்.

அப்புறம் கோராக்ஸ். கேலிச்சித்திரக்காரர் பிரெத்ராக் கொராக்சிச். மிலோஷெவிச்சின் மனைவி மிர்யானா மார்கோவிச் தலையில் பூ வைத்துக்கொள்வார். கோராக்ஸ் வரைந்தால் முதலில் அந்தப் பூதான் தெரியும், பிறகுதான் ஆளே. மொழி தெரியாத எனக்கு இந்தத் தொகுதிகளில் உடனே பிடிபட்டது அவர் கோடுகள்தான்.

ஒரு குறையும் சொல்லவேண்டும். இது பெரும்பாலும் படித்த, நகரத்து வாசகனுக்கான பத்திரிகை. கிராமத்து ஓய்வூதியக்காரருக்கு அரசுத் தொலைக்காட்சியின் இரவு ஏழரை மணிச் செய்திதான் உலகம். வெளிநாட்டில் ஆராய்ச்சியாளர்கள் 'வ்ரேமே'யைக் கொண்டாடிய அளவுக்கு உள்நாட்டில் அது போய்ச் சேரவில்லை. புகழ் வெளியே, வசை உள்ளே என்ற நிலை. அதனால் அதன் வேலை சிறியது என்று எனக்குத் தோன்றவில்லை. பின்னாளில் யார் கேட்டாலும் 'எங்களுக்குத் தெரியாது' என்று யாரும் சொல்லமுடியாதபடி, நடந்த வாரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார்கள். தேதியோடு, இந்த அலமாரியில் இருக்கிறது.

சனி

ஸ்வெதோகோர்ஸ்கா தெரு. நாடக அரங்குகளும் பழைய அடுக்குமாடிகளும் உள்ள அமைதியான தெரு. இங்கே ஒரு வாசலில் நினைவுப் பலகை. 1999 ஏப்ரல் 11, ஆர்த்தடாக்ஸ் ஈஸ்டர் ஞாயிறு. கொசோவோ போரையொட்டி நேட்டோ இந்த நாட்டின்மேல் குண்டு வீசிக்கொண்டிருந்த நாள்கள். ஸ்லாவ்கோ சுருவியா தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

சுருவியா 'வ்ரேமே'காரர் இல்லை. 'த்னெவ்னி தெலெகிராஃப்' என்ற நாளிதழும் 'எவ்ரோப்லியானின்' என்ற செய்திப் பத்திரிகையும் நடத்தினார். ஒரு காலத்தில் ஆளும் குடும்பத்தோடு பேச்சுவார்த்தை இருந்தவர், பிறகு முறித்துக்கொண்டார். 1998 அக்டோபரில் மிலோஷெவிச்சுக்கு ஒரு திறந்த மடல் அச்சிட்டார். அதே மாதம் வந்த புதுத் தகவல் சட்டத்தின்படி, ஒரே நாள் விசாரணையில் அவர் பத்திரிகைக்கு 24 லட்சம் தினார் அபராதம். கொலைக்குச் சில நாள் முன்னால், அவர் குண்டுகளை வரவேற்கிறார் என்று ஒரு நாளிதழ் எழுதியது. அந்தக் கட்டுரையை அரசுத் தொலைக்காட்சிச் செய்தியில் வாசித்தார்கள். அது ஊருக்கே கொடுத்த சைகை என்று இங்கே எல்லோரும் சொல்கிறார்கள்.

அந்தச் சட்டம் வந்தபோது தகவல் அமைச்சர் அலெக்சாந்தர் வூச்சிச். வயது 28. இன்று நாட்டின் குடியரசுத் தலைவர். இதை டீச்சர் எந்த அழுத்தமும் கொடுக்காமல், வழி சொல்வதுபோல் சொன்னார்.

சுருவியா கொலைக்கு அரசுப் பாதுகாப்புப் பிரிவைச் சேர்ந்த நான்கு பேர்மேல் வழக்கு நடந்தது. கீழ் நீதிமன்றம் இரண்டு முறை தண்டித்தது. 2024-இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தின் விடுதலைத் தீர்ப்பு வெளியே வந்தது. கால் நூற்றாண்டுக்குப் பிறகு, கொன்றவர் என்று சட்டப்படி யாரும் இல்லை. பலகைக்குக் கீழே யாரோ ஒற்றைக் கார்னேஷன் பூ வைத்திருந்தார்கள். எனக்குக் கோபம்தான் வந்தது.

இவர் முதல் ஆளும் இல்லை. 'தூகா' பத்திரிகையில் எழுதிய தாதா வுயாசினோவிச், துணைப்படைத் தலைவர்களைப் பற்றி எழுதிவந்த இளம்பெண், 1994 ஏப்ரல் 8-இல் தன் வீட்டில் இறந்து கிடந்தார். தற்கொலை என்று முடித்தார்கள். பல ஆண்டு கழித்து நிபுணர் அறிக்கை அது கொலை என்றது. அந்த வழக்கும் அப்படியே நிற்கிறது.

'வ்ரேமே'யில் தெயான் அனஸ்தாசியெவிச். குரோவேஷியா, பொஸ்னியா, கொசோவோ என்று மூன்று போரையும் பார்த்தவர். 2002-இல் ஹேக் நகரத்துப் போர்க்குற்ற நீதிமன்றத்தில் மிலோஷெவிச்சுக்கு எதிராகச் சாட்சி சொன்னார். செர்பியப் பத்திரிகையாளர் ஒருவர் அந்தக் கூண்டில் ஏறி, எதிரே மிலோஷெவிச் உட்கார்ந்து குறுக்குக் கேள்வி கேட்க, நிதானமாகப் பதில் சொல்வது என்றால் சும்மாவா. 2007 ஏப்ரலில் 'ஸ்கார்பியன்ஸ்' என்ற செர்பியத் துணைப்படைக்காரர்களுக்குக் கிடைத்த தண்டனை போதாது என்று வெளிப்படையாகப் பேசினார். பொஸ்னியாவின் ஸ்ரெப்ரெனிட்சா ஊரிலிருந்து கொண்டுவந்த ஆறு பேரைச் சுட்டுக் கொன்று, அதைத் தாங்களே வீடியோ எடுத்தவர்கள் அவர்கள். சில நாளில், அதிகாலையில், அவர் படுக்கையறை ஜன்னல் திண்ணையில் கையெறி குண்டு வெடித்தது. மனைவியும் அவரும் உள்ளே தூங்கிக்கொண்டிருந்தார்கள், உயிர் தப்பினார்கள். வைத்தவர் யாரும் தண்டிக்கப்படவில்லை. அவர் 2019-இல் காலமானார், அதுவரை எழுதினார்.

அங்கிருந்து தாஷ்மைதான் பூங்கா நடக்கிற தூரம்தான். அரசுத் தொலைக்காட்சிக் கட்டடத்தின் இடிந்த பகுதியை அப்படியே விட்டிருக்கிறார்கள். 1999 ஏப்ரல் 23 அதிகாலை நேட்டோ ஏவுகணை அடித்து 16 ஊழியர்கள் இறந்தார்கள். பூங்காவில் ஒரு கல், 'ஏன்?' என்ற ஒரு கேள்வியும் அந்தப் பெயர்களும் மட்டும். அந்தக் கேள்வி இரண்டு பக்கமும் போகிறது. குண்டு போட்டவர்களையும் கேட்கிறது. ஆபத்து இருந்தும் இரவுப் பணியாளர்களை வெளியேற்றாத நிர்வாகத்தையும் கேட்கிறது. நிலைய இயக்குநருக்குப் பின்னால் 10 ஆண்டு சிறை கிடைத்தது. வெறுப்பை ஒலிபரப்பிய நிலையம்தான், ஆனால் செத்தவர்கள் தொழில்நுட்பப் பணியாளர்கள், ஒப்பனைக்காரப் பெண், காவலாளிகள். இரண்டையும் சேர்த்தே மனதில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது.

ஞாயிறு

மதியச் சாப்பாடு வ்ராச்சாரில் ஒரு கஃபானாவில், அதாவது பழைய பாணிச் சாப்பாட்டுக் கடையில். கட்டம் போட்ட மேசைவிரிப்பு, பீன்ஸ் குழம்பு, கூடவே புது அய்வார். டீச்சரின் அண்ணன் ஓய்வுபெற்ற ரயில்வே பொறியாளர். 1960-களிலிருந்து 'நின்' வாசகர். அவர் முன்னால் மூன்று பத்திரிகையையும் வைத்துப் பேச்சைத் தொடங்கினேன்.

அவர் நேராக நாவல் பரிசுக்கு வந்தார். 'நின்' 1954 முதல் ஆண்டின் சிறந்த நாவலுக்குப் பரிசு கொடுக்கிறது. முதல் பரிசு தோப்ரிட்சா சோசிச்சுக்கு. யுகோஸ்லாவியா இருந்தவரை எல்லாக் குடியரசு எழுத்தாளர்களுக்கும் அது பொது: குரோவேஷியாவின் மிரோஸ்லாவ் கிர்லேஷா, பொஸ்னியாவிலிருந்து மேஷா செலிமோவிச், 1972-இல் தனிலோ கிஷ், 1984-இல் மிலோராத் பாவிச். முதன்முதலாக ஒரு பெண்ணுக்குக் கிடைக்க 1988 வரை ஆனது, துப்ராவ்கா உக்ரேஷிச். தரமான நாவல் இல்லை என்று 1959-இல் யாருக்கும் கொடுக்காமல் விட்டார்கள். கிஷ் பின்னால் வாங்கிய பரிசையே திருப்பிக் கொடுத்தார். இன்றும் ஜனவரியில் பரிசு அறிவித்த மறுநாள் புத்தகக் கடையில் வரிசை நிற்கிறது, அட்டையில் 'நின் பரிசு' என்ற பட்டையோடு.

"இப்போது சொல்லுங்கள். சுலிப்ர்க் வெளியே போனார், ஆள்களும் போனார்கள். இந்தப் பரிசைத் தூக்கிக்கொண்டு போக முடிந்ததா?" என்றார் அண்ணன்.

"கொடுப்பது நடுவர் குழு. பத்திரிகை பேரைக் கொடுக்கிறது, அவ்வளவுதானே" என்றேன்.

"அந்தப் பேரைத்தான் சொல்கிறேன். எழுபது வருஷப் பேர்."

"1987-க்குப் பிறகு 'பொலிடிகா' பேரும் அப்படியேதானே இருந்தது? அதைப் பார்த்துத்தானே இத்தனை பேர் நம்பினார்கள்?"

இதற்கு அவர் உடனே பதில் சொல்லவில்லை. ரொட்டியைக் கிழித்து அய்வாரில் தோய்த்தார். பிறகு, அந்த ஆண்டுகளில் தானும் 'பொலிடிகா' வாங்கினதாகவும், 1991-இல் மகனுக்குப் படையிலிருந்து அழைப்பு வந்த பிறகே நிறுத்தியதாகவும் சொன்னார். மகன் அந்த இரவே வீட்டை விட்டுப் போய் ஒளிந்திருக்கிறான், அப்புறம் கனடா. பெல்கிரேடில் அப்படி அழைப்புக்குப் பயந்து தலைமறைவான இளைஞர்கள் ஏராளம். டீச்சர் அண்ணன் கையைத் தொட்டார். இந்தக் கதை அவருக்கு முன்னமே தெரிந்திருக்கும்.

"நீங்கள் சொல்வது சரியாகவும் இருக்கலாம்" என்றார் அவர் கடைசியில். "நான் இப்போது 'ரதார்'தான் படிக்கிறேன். ஆனால் ஜனவரி வந்தால் 'நின்'னும் வாங்குவேன். பரிசு யாருக்கு என்று பார்க்கவேண்டும் அல்லவா."

டீச்சர் குறுக்கிட்டார்: "நான் 'வ்ரேமே'. 1990-லிருந்து மாற்றவில்லை."

கிளம்பும்போது நான் வைத்திருந்த வியாழக்கிழமை 'வ்ரேமே'யை டீச்சர் கேட்டு வாங்கிக்கொண்டார். அவருடையதைக் கீழ்வீட்டுப் பெண் இரவல் வாங்கிப்போய் இன்னும் தரவில்லையாம்.